டிராப்டு தேர்ட் ஸ்ட்ரைக்கைச் சத்தமாகச் சொல்லக் கற்றுக்கொண்ட அனுபவம்

அமெரிக்காவில் பெண் பிள்ளைகளை சாஃப்ட்பாலில் (பேஸ்பால் போன்ற ஆட்டம்) சேர்த்திருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக, "அம்பயர்கள் போதவில்லை, யாராவது முன்வாருங்கள்" என்று லீக்கிலிருந்து மெயில் வந்தால் நமக்கில்லை என்று தள்ளிவிடுகிறவர்களுக்காக. நாங்கள் டாலஸுக்கு வடக்கே இருக்கிறோம். மகள் 12யூ ஆடுகிறாள், அதாவது 12 வயதும் அதற்குக் கீழும். அந்த மெயிலுக்கு நான் பதில் போட்டேன், இப்போது ஹோம் பிளேட்டுக்கு (பேட்டர் பக்கத்தில் நின்று அடிக்கிற, தரையில் பதித்த தகடு) பின்னால் நிற்கிறேன்.

பதிவு செய்வது பெரிய வேலை இல்லை. யுஎஸ்ஏ சாஃப்ட்பாலில் (2017 வரை ஏஎஸ்ஏ என்று இருந்த அமைப்புதான்) பணம் கட்டி, பின்னணிச் சோதனைக்கு ஒப்புதல் கொடுத்து, குழந்தைகள் பாதுகாப்பு பற்றிய சேஃப்ஸ்போர்ட் பாடத்தை ஆன்லைனில் முடித்து, விதிகளில் ஒரு தேர்வு எழுத வேண்டும். தேர்வைப் புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். அப்புறம் வெளிர்நீலச் சட்டை, மாஸ்க், மார்புக் கவசம், கால் கவசம், பிளேட்டைத் துடைக்க ஒரு சின்ன பிரஷ், ஸ்ட்ரைக், அவுட் எண்ணிக்கை பார்க்க கையில் அடங்கும் கிளிக்கர். அந்தச் சட்டையால்தான் எல்லாரும் நம்மை "ப்ளூ" என்று கூப்பிடுகிறார்கள். என் மகள் ஆடும் ஆட்டங்களை எனக்குத் தரக் கூடாது என்று முதலிலேயே கேட்டுக்கொண்டேன், நீங்களும் அப்படியே கேளுங்கள்.

கஷ்டமெல்லாம் மைதானத்தில்தான் தொடங்கியது. பந்து வருகிற வேகத்தைக்கூடக் கண் பழகிக்கொள்கிறது. அக்குளிலிருந்து முழங்கால் மேல்விளிம்பு வரை, 17 அங்குல பிளேட்டுக்கு மேலே, என்று ஸ்ட்ரைக் ஸோனும் (பேட்டர் அடிக்க வேண்டிய பந்து வரும் பரப்பு) கொஞ்ச நாளில் பிடிபட்டுவிடும். பேட்டர் வீசித் தவறவிட்ட பந்தும், அந்த ஸோனில் வந்தும் அடிக்காமல் விட்ட பந்தும் ஸ்ட்ரைக், மூன்று ஆனால் பொதுவாக அவுட். அந்த மூன்றாவது ஸ்ட்ரைக்கை, பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கேட்சர் பிடிக்காமல் விடுகிற நொடிதான் எனக்குப் பெரிய பாடமாக இருந்தது. 12யூவில் பிட்ச்சர் 40 அடியிலிருந்து எறிகிறாள், கேட்சருக்கும் அதே பதினொன்று பன்னிரண்டு வயது, பந்து மண்ணில் குத்தி வருவது சர்வ சாதாரணம். அதனால் பெரியவர்கள் ஆட்டத்தில் எப்போதாவது வருகிற இந்த விதி, இந்த வயதில் திரும்பத் திரும்ப வரும்.

டிராப்டு தேர்ட் ஸ்ட்ரைக் என்கிற அந்த விதி இதுதான். மூன்றாவது ஸ்ட்ரைக்கை கேட்சர் நேராகப் பிடிக்கவில்லை என்றால், முதல் பேஸ் (ஓடிச் சேர வேண்டிய இடங்களில் முதலாவது) காலியாக இருந்தாலோ ஏற்கெனவே இரண்டு அவுட் ஆகியிருந்தாலோ, பேட்டர் முதல் பேஸுக்கு ஓடலாம். அவளைத் தொட்டோ, அவளுக்கு முன்னால் முதல் பேஸுக்குப் பந்தை அனுப்பியோதான் அவுட் எடுக்க வேண்டும். முதல் பேஸில் ஆள் இருந்து, இரண்டு அவுட் ஆகவில்லை என்றால், பந்து எங்கே உருண்டு போனாலும் பேட்டர் அவுட்தான். இந்த நிபந்தனைக்குக் காரணம் இருக்கிறது. அது இல்லாவிட்டால் கேட்சர் வேண்டுமென்றே பந்தைக் கீழே போட்டுவிட்டு, பேட்டர் வருவதால் அடுத்த பேஸுக்கு ஓடியே ஆகவேண்டிய ரன்னர்களை வைத்து ஒரே வீச்சில் இரண்டு அவுட் எடுத்துவிடுவாள். பந்து கிளவுஸிலிருந்து நழுவி விழ வேண்டும் என்பதும் இல்லை, கிளவுஸுக்குள் போகும் முன் ஒரு தடவை மண்ணைத் தொட்டிருந்தாலே பிடித்ததாகக் கணக்கில்லை. சிறு வயதுப் பிரிவுகளில் சில லீக்குகள் இந்த விதியையே வைத்துக்கொள்வதில்லை. ஆட்டத்துக்கு முன் கேட்டுவிடுங்கள்.

இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, படித்தால் வந்துவிடும். பயிற்சி வகுப்பில் மூத்த அம்பயர் ஒருவர் எங்களை வரிசையாக நிற்க வைத்துக் கத்த விட்டார், அதுதான் எனக்குப் புதிது. "ஸ்ட்ரைக் த்ரீ" என்று கை தூக்கி, பந்து தப்பியிருந்தால் உடனே இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து "நோ கேட்ச்", பேட்டருக்கு ஓட உரிமை இல்லாதபோது "பேட்டர் இஸ் அவுட்", அதுவும் தேர்ட் பேஸில் நிற்கிற பிள்ளைக்குக் கேட்கிற மாதிரி. பெண் பிள்ளை சத்தம் போடாதே என்று கேட்டு வளர்ந்த குரல் என்னுடையது. அதை வயிற்றிலிருந்து எடுக்க எனக்கு நாள் பிடித்தது.

இவ்வளவு சத்தம் எதற்கு என்று நினைக்கலாம். கிரிக்கெட்டில் ஃபீல்டிங் அணி அப்பீல் செய்தால்தான் அம்பயர் அவுட் கொடுப்பார், கேட்காவிட்டால் பேசாமல் நிற்கலாம். இங்கே அப்படி இருக்க முடியாது. பேட்டருக்குப் பந்து முதுகுப் பக்கம் போய்விட்டது, பிடித்தாளா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. அது பவுன்ஸ் ஆகித்தான் வந்ததா என்று கேட்சருக்கே சில நேரம் உறுதியாக இருக்காது. அந்த ஒரு நொடியில் விஷயம் அம்பயரிடம் மட்டும்தான் இருக்கிறது, அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டால் ஒரு குழந்தை ஏமாந்துபோகிறாள்.

அந்த வகுப்பில் எல்லாரும் பேசியது 2005 அக்டோபர் 12 அன்று சிகாகோவில் நடந்த பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றி. ஒயிட் சாக்ஸும் ஏஞ்சல்ஸும், 1-1, ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட். ஒயிட் சாக்ஸின் ஏ.ஜே. பியர்சின்ஸ்கி மூன்றாவது ஸ்ட்ரைக்குக்கு பேட்டை வீசிப் பந்தைத் தவறவிட்டார். பிளேட் அம்பயர் டக் எடிங்ஸ் கையைப் பக்கத்தில் நீட்டிப் பிறகு அவுட் என்று காட்டுவதுபோல முஷ்டியை மடக்கினார். ஏஞ்சல்ஸ் கேட்சர் ஜோஷ் பால் பந்தைப் பிடித்துவிட்டோம், அவுட் முடிந்தது என்று பிட்ச்சர் மேட்டுப் பக்கம் உருட்டிவிட்டு நடந்தார், பியர்சின்ஸ்கியோ முதல் பேஸுக்கு ஓடிவிட்டார். அவருக்குப் பதிலாக வந்த ரன்னர் இரண்டாவது பேஸைத் திருட (யாரும் அடிக்காமலே ஓடிப் பிடிக்க), ஜோ கிரீடி அடித்த டபுளில் (அடித்தவர் இரண்டாவது பேஸ் வரை போகிற அடி) ஆட்டம் 2-1 என்று முடிந்தது. பந்து மண்ணைத் தொட்டதா என்று இன்னும் வாதாடுகிறார்கள். என் கருத்தில் அதைவிடப் பெரிய கேள்வி, அந்த முஷ்டியை கேட்சர் எப்படிப் படித்திருப்பார் என்பதுதான். தொழில்முறை ஆட்டத்திலேயே இப்படி என்றால் பதினொரு வயதுப் பெண்ணிடம் நாம் எவ்வளவு தெளிவாக இருக்க வேண்டும்!

சில பந்துகள் பிளேட்டிலிருந்து தெரியவே தெரியாது, கேட்சரின் தோள் மறைத்துவிடும். அதற்காக ஆட்டத்துக்கு முன்பே பேஸ்களின் பக்கம் நிற்கிற பேஸ் அம்பயரோடு பேசி வைத்துக்கொள்கிறேன். பிடித்திருந்தால் மூடிய கை, இல்லை என்றால் தரையைக் காட்டும் விரித்த கை. சந்தேகம் வந்தால் அவர் கையைப் பார்த்துவிட்டுச் சொல்வேன், அரை நொடிதான் ஆகும்.

இனி பயிற்சியாளர்களைச் சமாளித்தது. ஓர் ஆட்டத்தில் மூன்று பேஸும் நிறைந்து, இரண்டு அவுட். மூன்றாவது ஸ்ட்ரைக் மண்ணில் குத்தியது, "நோ கேட்ச்" என்றேன். கேட்சர் பதறாமல் பந்தை எடுத்து ஹோம் பிளேட்டை மிதித்தாள். அழகான ஆட்டம், பேட்டர் ரன்னராகிவிட்டதால் தேர்டில் இருப்பவள் ஹோமுக்கு வந்தே ஆகவேண்டும், ஆகவே ஃபோர்ஸ் அவுட், அதாவது யாரையும் தொட வேண்டாம், பந்தோடு பிளேட்டை மிதித்தாலே போதும். பேட்டர் அணியின் பயிற்சியாளர் பேட்டரைத் தொடவே இல்லையே என்று கத்திக்கொண்டே வந்தார், புரொடெஸ்ட் (முடிவை எதிர்த்து முறையீடு) செய்வேன் என்றார். பந்து பிடிக்கப்பட்டதா என்பது அம்பயரின் கணிப்பு, அதன் மேல் புரொடெஸ்ட் கிடையாது. விதியைத் தவறாகப் பொருத்தினால் மட்டும் செய்யலாம், அதுவும் அடுத்த பந்துக்கு முன்னால், இன்னிங்ஸ் முடிந்திருந்தால் இன்ஃபீல்டர்கள் (பேஸ்களை ஒட்டி நிற்பவர்கள்) எல்லாரும் ஆடுகளத்தின் எல்லைக் கோடுகளைத் தாண்டிப் போகும் முன்னால். இவர் நேரத்தில்தான் வந்தார். பேச விட்டேன், பிறகு ரன்னர் ஏன் வந்தே ஆகவேண்டும் என்று ஒவ்வொரு பேஸாகச் சொன்னேன். இரண்டாவது பேஸுக்கு வரும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது, தலையாட்டிவிட்டுப் போனார். குரலை உயர்த்த வேண்டியது தீர்ப்பைச் சொல்லத்தான், வாதத்துக்கு இல்லை என்று அன்று எனக்கு உறுதியானது.

இன்னொன்று அப்பாக்களுக்கு. பேட்டர் அவுட் என்று நினைத்து டக்அவுட் (அணி உட்காரும் இடம்) பக்கம் நாலடி நடந்துவிட்டு, தோழிகள் "ஓடு ஓடு" என்றதும் திரும்பி ஓடினால், பேஸ்பால் பார்த்துப் பழகியவர்கள் பிளேட்டைச் சுற்றிய மண் வட்டத்தைத் தாண்டிவிட்டாள், அவுட் என்று வேலியைப் பிடித்துக் கத்துகிறார்கள். மேஜர் லீக்கில் (தொழில்முறை பேஸ்பாலில்) அது சரி. யுஎஸ்ஏ சாஃப்ட்பாலில் அவள் தன் அணியின் இடத்துக்குள் போகும்வரை ஓடலாம்.

என் மகளும் கேட்சர்தான். அவளிடம் ஒருநாள் கேட்டேன், அம்பயரிடம் உனக்கு என்ன வேண்டும் என்று. "அம்மா, நீ சத்தமா சொல்லு, போதும். மத்ததை நாங்க பாத்துக்குவோம்" என்றாள்.

அடுத்த சீசனில் 14யூவுக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன், அங்கே பிட்ச்சர் நிற்பது 43 அடியில். உங்கள் பக்கத்து லீக்கில் பயிற்சி வகுப்பு எப்போது என்று இப்போதே விசாரித்து வையுங்கள். மாஸ்க்கை மட்டும் உடனே வாங்காதீர்கள், மூத்த அம்பயர்கள் யாராவது கடன் கொடுப்பார்கள், இரண்டு மூன்றைப் போட்டுப் பார்த்து, கீழே பார்க்கும்போது கண்ணை மறைக்காததாகப் பார்த்து வாங்குங்கள். மண்ணில் குத்துகிற பந்து அங்கேதான் இருக்கும்.