உறைவுக் காரணிகளுக்கான காப்புரிமைத் தேடல்: குறியீடுகளோடு நான் பட்ட பாடு

ரத்தம் எளிதில் உறையாத பரம்பரை நோயான ஹீமோஃபிலியாவின் சிகிச்சைக்கான உறைவுக் காரணிகள், அதாவது ரத்தம் உறைய உதவும் புரதங்கள், குறித்த காப்புரிமை ஆவணங்களைத் தேடித் தொகுக்கும் பணி என்னிடம் வந்தபோது, சொற்களை மட்டும் நம்பிக் கரை சேர முடியாது என்பது சீக்கிரமே புரிந்துவிட்டது. காரணி 8-ஐ ஆன்டிஹீமோஃபிலிக் ஃபேக்டர் என்றும் காரணி 9-ஐ கிறிஸ்மஸ் ஃபேக்டர் என்றும் குறிப்பிடும் ஆவணங்கள் இருக்க, ஜப்பானிய, சீன ஆவணங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எனவே ஒவ்வோர் ஆவணத்துக்கும் அதன் பொருளுக்கேற்பக் காப்புரிமை அலுவலகங்கள் இடும் வகைப்பாட்டுக் குறியீடுகளின் வழியே தேடத் தொடங்கினேன்.

பன்னாட்டுக் காப்புரிமை வகைப்பாட்டில் ரத்த உறைவுக் காரணிகளுக்கென்றே புரதங்களின் பிரிவில் சி07கே 14/745 என்ற குறியீடும், அதன்கீழ் ஃபைப்ரினோஜனுக்கு 14/75, காரணி 8-க்கு 14/755 ஆகிய உட்பிரிவுகளும் உள்ளன. இதைப் பார்க்கும் எவரும் காரணி 9-ம் அங்கேதான் இருக்கும் என்று எண்ணுவார்கள். ஆனால் அதற்குரிய இடம் நொதிகளின் பிரிவான சி12என் 9/64. காரணி 7, 9, 10 ஆகியவை செயலூக்கம் பெற்றதும் பிற புரதங்களை வெட்டும் செரின் புரோட்டியேஸ்கள். காரணி 8 தானாக எதையும் வெட்டுவதில்லை. காரணி 10-ஐக் காரணி 9 வெட்டும்போது உடனிருந்து அதன் வேகத்தைப் பன்மடங்கு கூட்டுகிறது, அவ்வளவே. காரணி 8 குறைவால் வரும் ஹீமோஃபிலியா ஏ, காரணி 9 குறைவால் வரும் ஹீமோஃபிலியா பி இரண்டிலும் நோயாளி படும் துன்பம் ஏறத்தாழ ஒன்றுதான் என்றாலும், வகைப்பாடு நோயைப் பார்ப்பதில்லை, மூலக்கூற்றின் இயல்பையே பார்க்கிறது. தேடுபவருக்கு இது தொல்லைதான். ஆனால் வேதியியல்படி நியாயமானது.

ஐரோப்பிய, அமெரிக்கக் காப்புரிமை அலுவலகங்கள் 2013 முதல் பயன்படுத்தும் கூட்டு வகைப்பாடு இங்கே பெரிதும் கைகொடுத்தது. அதில் காரணி 9-இன் செயலூக்கம் பெற்ற வடிவமான காரணி 9ஏ-க்கு சி12என் 9/644, அதேபோல் காரணி 7ஏ-க்கு 9/6437 எனத் தனித்தனி இடங்கள் உண்டு. அதோடு சேர்த்து இடப்படும் சி12ஒய் 304/21022 என்ற குறியீட்டைக் கூர்ந்து பார்த்தால், காரணி 9ஏ-யின் நொதி எண்ணான 3.4.21.22 அப்படியே உள்ளே இருப்பது தெரியும். காரணி 13 புரதங்களை வெட்டாமல் ஒன்றோடொன்று பிணைக்கும் டிரான்ஸ்குளூட்டமினேஸ் நொதி என்பதால் சி12என் 9/10-க்குப் போய்விடுகிறது. உறைவைத் தடுக்கும் ஆன்டித்ராம்பின் சி07கே 14/81-இலும், அட்டையிலிருந்து கிடைக்கும் ஹிருடின் 14/815-இலும் இருக்கின்றன.

மருந்தாகக் கோரப்படுபவற்றுக்கு ஏ61கே 38/36, 38/37, 38/48 ஆகியவற்றைச் சேர்த்தேன். ரத்தப்போக்கை நிறுத்தும் மருந்துகளுக்குரிய ஏ61பி (A61P) 7/04 ஓர் ஆவணத்தின் முதற்குறியீடாக ஒருபோதும் வராது. அதைத் தனியாகத் தேடினால் உறைவுக் காரணியல்லாத டிரானெக்சாமிக் அமிலம் வரை எல்லாம் வந்து குவியும் என்பதால் பிற குறியீடுகளோடு இணைத்தே பயன்படுத்தினேன்.

ஹீமோஃபிலியா ஏ-க்கான மருந்தான எமிசிஸுமாப் இந்த வலையில் எதிலும் சிக்கவில்லை. காரணி 8-இன் வேலையைச் செய்தாலும் அது காரணி 9ஏ, 10 இரண்டையும் பற்றிப் பிடிக்கும் எதிர்ப்புரதம் என்பதால், அதற்காக எதிர்ப்புரதங்களுக்குரிய சி07கே 16/36-ஐத் தனியே சேர்க்க வேண்டியிருந்தது. வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் 2024-இல் முடிவுகள் வெளியான லென்டிவைரஸ் வழி மரபணு சிகிச்சையைப் போன்றவற்றுக்காக சி12என் 15/86, ஏ61கே 48/00 இரண்டையும் காரணியின் பெயரோடு இணைத்துத் தேடிய பிறகே தொகுப்பை ஒப்படைத்தேன்.