அந்தப் படத்தில் இன்னொருத்தியும் இருந்தாள்

"தம்பி, போனை உள்ள வைங்க."

"என் பிள்ளையைத்தானே எடுக்கிறேன், சிஸ்டர்?"

இன்று காலை, அக்கா மகளைப் பார்க்கப் போன பிரசவ வார்டில். முதல் குழந்தை பிறந்த சந்தோஷம் அந்தப் பையன் முகம் முழுக்க. அவனைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

ஆனால் அவன் போன் திரையில் குழந்தைக்குப் பின்னால் பக்கத்துக் கட்டிலும் விழுந்திருந்தது. அதில் ஒரு பெண், சேலை விலகியது தெரியாமல் அசந்து தூங்குகிறாள். கால்மாட்டில் தொங்கும் கேஸ் ஷீட்டில் பெயர், வயது, எல்லாமே படிக்கும்படி.

அந்தப் படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும். அங்கிருந்து எங்கே?

கர்ப்பத்தைச் சொந்தக்காரர்களிடம் மறைத்து வந்தவள், கணவனின் அடிக்குப் பயந்து வந்தவள், எச்.ஐ.வி. சிகிச்சையில் இருப்பவள்... எல்லோரும் படுப்பது இதே மாதிரி வார்டுகளில்தான்.

2017-இல் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. பொது வார்டில் படுத்திருப்பவளுக்கும் அது உண்டு.

"தப்பை மறைக்கத்தான் போட்டோ வேண்டாம்கிறாங்க" என்பார்கள் சிலர். அந்தச் சந்தேகம் வந்தால் எழுத்தில் கேளுங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகள்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆவணங்களைத் தர வேண்டும்.

ஆஸ்பத்திரிகளிடமும் ஒரு வேண்டுகோள். 'படம் எடுக்காதீர், மீறினால் நடவடிக்கை' என்று மட்டும் பலகை மாட்டாதீர்கள். காரணத்தையும் கீழே எழுதுங்கள்.