சிவப்புக் கதவும் செல்லூர்த் தகரமும்

‘இட் கம்ஸ் அட் நைட்’ 2017-இல் வந்த படம். பேய் வரும் என்று உட்கார்ந்தால் ஏமாற்றம்தான், கடைசிவரை எதுவும் வராது. காட்டுக்குள் ஒரு வீடு, வெளியே பேர் தெரியாத கொள்ளைநோய், போக வர ஒரே ஒரு சிவப்புக் கதவு. ராத்திரியானால் பூட்டு. நோய் கண்ட தாத்தாவைத் தள்ளுவண்டியில் வெளியே கொண்டுபோய், சுட்டு, குழியில் போட்டு எரிக்கிறார்கள். படம் தொடங்குவதே அப்படித்தான். அடைக்கலம் தேடி இன்னொரு குடும்பம் வந்த பிறகு, ஒரு ராத்திரி அந்தக் கதவு திறந்து கிடக்கிறது. திறந்தது யார் என்று இயக்குநர் ட்ரே எட்வர்ட் ஷல்ட்ஸ் சொல்வதே இல்லை. அந்த அழுத்தம் பிடித்திருந்தது.

எனக்கு மதுரைச் செல்லூர்ச் சந்துகள் ஞாபகம் வந்துவிட்டன.

2020 ஜூன் 24 முதல் மதுரைக்கு மறுபடி முழு ஊரடங்கு. வீடு வீடாகக் காய்ச்சல் பார்க்கும் தற்காலிக வேலையில் இருந்தேன். தொற்று வந்த வீட்டு வாசலில் தகரம் அடிப்பார்கள். அதற்குப் பயந்தே சனம் வாயைத் திறக்காது. காலையில் பாராசிட்டமால் போட்டுக்கொண்டால், பத்து மணிக்கு நாங்கள் நீட்டும் வெப்பமானித் துப்பாக்கியில் சூடு எங்கே தெரியும்? ‘ஒண்ணுமில்ல தம்பி, அடுத்த வீட்டப் பாருங்க.’

ஒரு வீட்டில் அம்மாச்சிக்கு நெற்றியில் 97தான் காட்டியது. கண் மட்டும் சிவந்திருந்தது. டிவி மேல் பாதி தீர்ந்த மாத்திரை அட்டை.

‘அம்மாச்சி, காபி வாசம் தெரியுதா?’

மருமகளை ஒரு பார்வை பார்த்தது கிழவி. ‘இவ போட்ட காபில என்னைக்குப்பா வாசம் இருந்துச்சு?’

மருமகளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடே நோட்டில் ‘அறிகுறி இல்லை’ என்று எழுதினேன். மாத்திரை அட்டையைப் பார்த்தது நான் ஒருவன்தான். நாலாம் நாள் அந்தச் சந்துக்குப் போனபோது அந்த வாசலில் தகரம். அடுத்த இரண்டு வாசல்களிலும்.

அதே வாரம் எனக்குத் தொண்டை கரகரத்தது. வீட்டில் அம்மாவுக்குச் சர்க்கரை. தூசி என்றேன். புழுக்கமாக இருக்கிறது என்று பாயைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. தட்டை மேல்படியில் வைத்துவிட்டு, நாலு படி கீழே இறங்கி நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ‘ஆறதுக்குள்ள சாப்பிடுய்யா’ என்றது.