முழங்காலுக்காக எடுத்த பதினோரு வாரம்

"அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போகிறேன், மூன்று வாரம்" என்று சொல்லித்தான் லீவு கேட்பதாக இருந்தேன். டாலஸில் வேலை பார்க்க ஆரம்பித்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் முழங்கால் ஆபரேஷன் என்று ஆபீஸில் சொல்ல வாய் வரவில்லை. நம்மில் நிறைய பேர் இப்படித்தான். உடம்புக்கு ஒன்று என்றால் மூச்சு விடாமல், இருக்கிற வெகேஷன் நாட்களைச் சேர்த்து வைத்து, ஊரில் போய் முடித்துக்கொண்டு, பாதி வலியோடு வந்து நாற்காலியில் உட்காருவோம். என் தோழி ஒருத்தி கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு அப்படித்தான் போய் வந்தாள். அவள் பட்ட பாட்டைப் பார்த்த பிறகுதான் மனசு மாறியது.

எனக்கு 53 வயது. வலது முழங்காலில் எலும்போடு எலும்பு உரசுகிறது, மாற்றுவதுதான் வழி என்று டாலஸ் டாக்டரே எக்ஸ்ரேயைக் காட்டிச் சொல்லிவிட்டார். இங்கேயே செய்துகொள்ளலாம்தான். ஆனால் எங்கள் வீட்டில் படுக்கையறை மாடியில். கணவருக்கு வேலை, மகள் வேறு ஊரில் கல்லூரியில். பகலெல்லாம் தனியாக வாக்கரோடு என்ன செய்வது? நங்கநல்லூரில் அம்மா வீடு தரைத்தளம், தம்பி அடுத்த தெருவில். செலவும் ஒரு காரணம். மூட்டு மாற்றுக்கு வைக்கும் உள்வைப்புக்கு 2017 ஆகஸ்டில் இந்திய அரசு உச்சவிலை கட்டியது. பரவலாகப் போடும் கோபால்ட் குரோமியம் வகைக்கு அன்று நிர்ணயித்த விலை 54,720 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ஆபரேஷன், அறை எல்லாம் சேர்த்து முழுத் தொகையையும் கைக்காசாகவே கொடுத்தேன்.

செப்டம்பரில் மேனேஜரிடம் நேராகச் சொன்னேன். முழங்கால், மாற்று ஆபரேஷன், சென்னையில், ஜனவரியில். அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்களைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆள் இருக்கிறதா?" அந்த ஒரு கேள்விக்காக அவரை எப்போதும் நினைத்துக்கொள்வேன்.

லீவு என்று நான் கேட்டது எஃப்எம்எல்ஏ எனும், குடும்ப, மருத்துவ விடுப்புக்கான 1993-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தின்படி. 12 மாதத்துக்குள் 12 வாரம், சம்பளமில்லாமல். திரும்பி வந்தால் அதே வேலையோ அதற்குச் சமமான வேலையோ தர வேண்டும். அதற்கு அந்த நிறுவனத்தில் 12 மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும், கடைசி 12 மாதத்தில் 1,250 மணி நேரமாவது உழைத்திருக்க வேண்டும், நம் இடத்திலிருந்து 75 மைலுக்குள் அந்த நிறுவனத்துக்கு 50 பேராவது இருக்க வேண்டும். முன்கூட்டியே தெரிந்த ஆபரேஷன் என்றால் 30 நாள் முன்னால் சொல்வது கட்டாயம். திட்டமிட்டு நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷன் இதில் வராது என்று பலர் நினைக்கிறார்கள், நானும் நினைத்திருந்தேன். ஒரு இரவாவது ஆஸ்பத்திரியில் தங்கும் சிகிச்சை என்றால் வரும்.

நாள் கணக்கை டிக்கெட்டிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. வீடியோவில் பேசியபோது சென்னை டாக்டர் சொன்னது: "ஆறு வாரத்துக்கு முன்னால் பிளைட் பேச்சே வேண்டாம், எட்டு என்றால் எனக்கு நிம்மதி." காலில் ரத்தம் கட்டும் அபாயம் இருக்கும்போது பதினைந்து மணி நேரம் உட்கார்ந்து வருவது விளையாட்டு இல்லை. அதனால் ஆபரேஷன் ஜனவரி 10, திரும்பும் பயணம் மார்ச் 8, வேலைக்கு மார்ச் 24 என்று போட்டேன். ஜனவரி 6-லிருந்து எண்ணினால் சரியாக 11 வாரம். மிச்சம் ஒரு வாரத்தைத் தொடாமல் வைத்தேன். அமெரிக்காவில் விசாவில் இருப்பவர்கள், பாஸ்போர்ட்டில் அந்த விசா ஸ்டாம்ப் காலாவதியா என்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். எனக்கு ஓசிஐ (இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்ததால் இந்தியாவுக்கு மெடிக்கல் விசா தேவைப்படவில்லை.

சிக்கல் வந்தது டாக்டர் சான்றிதழில். படிவம் கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாளில் நிரப்பிக் கொடுக்க வேண்டும். தம்பி அதை பிரிண்ட் எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஓபி முடியும்வரை காத்திருந்து, எத்தனை வாரம் வேலை செய்ய முடியாது என்ற இடத்தில் டாக்டரின் கையாலேயே எழுதி வாங்கினான். கீழே ஊதா மையில் ரப்பர் ஸ்டாம்ப், பெயருக்கு அடியில் பதிவு எண். வாட்ஸ்அப்பில் போட்டோ வந்ததும் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆனால் லீவுகளைக் கவனிக்கும் பிரிவிலிருந்து திரும்பி வந்துவிட்டது. ஃபேக்ஸ் எண் இல்லை, தொலைபேசி எண் சரியில்லை, அமெரிக்க டாக்டர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று மூன்று காரணம்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து சட்டத்தின் விதிகளையே படித்தேன். அமெரிக்க மத்திய அரசின் விதித் தொகுப்பில் 29 சிஎஃப்ஆர் 825.125. வேறு நாட்டில், அந்த நாட்டுச் சட்டப்படி தொழில் செய்ய அனுமதி பெற்ற மருத்துவரும் மருத்துவர்தான் என்று அதில் தெளிவாக இருக்கிறது. படிவத்தில் குறை இருந்தால் என்ன குறை என்று எழுத்தில் சொல்லி, சரிசெய்ய 7 நாள் தர வேண்டும் என்று அதே விதிகளில் வேறொரு இடத்தில் இருக்கிறது. கோபப்படாமல், அந்த விதி எண்ணைக் குறிப்பிட்டு நாலு வரி மெயில் எழுதினேன். தம்பி மறுபடியும் போய் எண்களைச் சேர்த்து வாங்கி வந்தான். "அக்கா, இதுக்கு நீ வக்கீலாகியிருக்கலாம்" என்றான். ஐந்தாம் நாள் ஒப்புதல் வந்தது.

பணம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சம்பளம் நின்றால் அதில் பிடிக்கிற ஹெல்த் இன்ஷூரன்ஸ் பங்கும் நிற்கும். நிறுவனம் காப்பீட்டைத் தொடர வேண்டும், ஆனால் நம் பங்கை நாமே தனியாகக் கட்ட வேண்டும். எந்தத் தேதிக்குள் எப்படிக் கட்டுவது என்று கிளம்பும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கினேன். ஷார்ட் டெர்ம் டிசபிலிட்டி (உடம்பு முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் ஒரு பகுதி தரும் காப்பீடு) இருப்பவர்கள், வெளிநாட்டில் இருக்கும் நாட்களுக்குத் தொகை வருமா என்று முதலிலேயே கேளுங்கள். அதற்குக் கட்டுப்பாடு வைக்கிற பாலிசிகளும் உண்டு. லேப்டாப்பை நான் டாலஸிலேயே விட்டுவிட்டேன்.

தோஹா வழியாகச் சென்னை. பொங்கலன்று காலை டிஸ்சார்ஜ். தெருவெல்லாம் கோலம். வாக்கரை ஊன்றி வாசல்படி ஏறும்வரை அம்மா பால் பொங்க விடாமல் அடுப்பைக் குறைத்து வைத்திருந்தாள். மகளைப் பெற்றெடுக்க இந்த வீட்டுக்கு வந்தது ஞாபகம் வந்தது. அதே அறை, அதே ஜன்னல். "அப்போ நீ குழந்தையைத் தூக்கிட்டு வந்தே, இப்போ காலைத் தூக்கிட்டு வந்திருக்கே" என்றாள். 78 வயதில் எனக்கு மிளகு ரசம் கரைத்துக் கொடுத்தாள்.

தினமும் ஒன்பது மணிக்கு பிசியோதெரபி செய்யும் பெண் வருவாள். படுக்கையில் குதிகாலுக்கு அடியில் ஒரு பாலிதீன் கவரை விரிப்பாள், கால் வழுக்கிக்கொண்டு மடங்குவதற்காக. மடக்கு, மடக்கு, இன்னும் கொஞ்சம். கோணம் அளக்கும் கருவியை முட்டியோரம் வைத்து எண்ணைச் சொல்வாள். முதல் நாள் 60. நாலாவது வாரம் 90-லேயே நின்று போனபோது அழுதுவிட்டேன். தலைக்கு மேலே மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் போய்க்கொண்டே இருக்கும். மூன்று வாரம் என்று டிக்கெட் போட்டிருந்தால் அந்நேரம் நான் டாலஸில் ஆபீஸ் படியேறிக்கொண்டிருப்பேன். எட்டாவது வாரம் 115 வந்தது.

திரும்பும்போது வீல்சேர், நடைபாதை ஓர இருக்கை, இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ், டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை. மணிக்கொரு தடவை எழுந்து நடந்தேன். சென்னை விமான நிலையத்தில் மெட்டல் டிடெக்டர் கத்தியது. முழங்கால் என்றதும் திரைக்குள் அழைத்துப்போன காவல் பெண், தழும்பைப் பார்த்துவிட்டு, எங்கள் அம்மாவுக்கும் செய்யணும், ரொம்ப வலிக்குமா என்று கேட்டாள். வலிக்கும், ஆனால் செய்யுங்கள் என்றேன்.

மார்ச் 24 காலை, வேலைக்குத் தகுதி என்ற டாக்டர் கடிதத்தோடு போய் அதே மேஜையில் உட்கார்ந்தேன். தொடாமல் வைத்த அந்த ஒரு வாரத்தை மணிக்கணக்கில் பிரித்து, செவ்வாய்க்கிழமை பிசியோதெரபிக்கு எடுத்தேன். அதற்கும் சட்டத்தில் இடமிருக்கிறது.

இடது முழங்காலும் தேய்ந்துதான் இருக்கிறது. எங்கள் நிறுவனத்தின் கணக்குப்படி, எடுத்த லீவுக்கு ஒரு வருடம் ஆனால் எனக்கு அந்த நாட்கள் திரும்பக் கிடைக்கும். வாக்கரை அம்மா யாருக்கும் கொடுக்கவில்லை. பீரோவுக்குப் பக்கத்தில் மடக்கி வைத்திருக்கிறாள்.