அஞ்சாம் கிளாஸ் பி செக்‌ஷன் தேர்தல்

கிளாஸ் லீடருக்கு என்ன அதிகாரம் என்பது பெரியவர்களுக்கு மறந்து போயிருக்கும். மிஸ் வகுப்பில் இல்லாத நேரத்தில் சாக்பீஸ் அவர் கையில். போர்டின் ஓரத்தில் 'பேசியவர்கள்' என்று எழுதி, கீழே பெயர்களைப் போட்டு, மறுபடி பேசினால் பக்கத்தில் பெருக்கல் குறி வைத்து 2, 3 என்று ஏற்றிக்கொண்டே போகலாம். வேண்டியவர் பெயர் அழிவதும், வாயே திறக்காதவர் பெயர் ஏறுவதும் அந்தச் சாக்பீஸால்தான். அஞ்சாம் கிளாஸ் படிக்கும் என் மகள் தேர்தலில் நிற்க ஆசைப்பட்டதும் இதனால்தான். போன வருடம் அவள் பெயர் அப்படி ஏறியிருக்கிறது.

நாங்கள் இருப்பது பெரம்பூர். அவள் பள்ளியில் நான்காம் வகுப்பு வரை லீடரை மிஸ்ஸே சொல்லிவிடுவார். முதல் ரேங்க் எடுக்கும் பிள்ளை, இல்லையென்றால் உயரமான பிள்ளை. இந்த ஜூனில் வந்த புது கிளாஸ் மிஸ், ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம் என்று அறிவித்தார். கூடவே ஒரு விதியும் சொன்னார்: ஏற்கெனவே லீடராக இருந்தவர்கள் நிற்கக் கூடாது. பிள்ளைகள் ஏன் என்று கேட்டதும் உத்திரமேரூரைச் சொல்லி விளக்கியிருக்கிறார். சென்னையிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு எடுக்கும் குடவோலை முறையில் ஊர் வாரியங்களுக்கு யார் வரலாம், யார் வரக் கூடாது என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வர முடியாது. கணக்குக் காட்டாதவருக்கும் இடமில்லை, அவருடைய உறவினருக்கும் இடமில்லை. (அந்த முறையில் பெண்களுக்கு இடமே இல்லை என்பதையும் மிஸ் சேர்த்துச் சொன்னாராம். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.) இந்த ஒரு விதி இல்லாவிட்டால் என் மகள் மாதிரி அமைதியான பிள்ளை எழுந்து நின்றிருக்கவே மாட்டாள்.

வேட்பாளருக்கு முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் வேண்டும். ஆளுக்கு ஒரு சின்னம். மூன்று பேர் நின்றார்கள். நன்றாகப் பாடும் ஒரு பெண்ணுக்குப் பென்சில் பாக்ஸ், விளையாட்டில் கெட்டியான ஒரு பையனுக்கு சைக்கிள், என் மகளுக்குத் தண்ணீர் பாட்டில்.

அன்று மாலையே அவள் பேச்சை எழுத உட்கார்ந்துவிட்டாள். என் அப்பாதான் நிறுத்தினார். அவர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே தொழிலாளர் தேர்தல் வந்தபோது ஒவ்வொரு தொழிற்கூடமாகப் போய் ஓட்டுக் கேட்டிருக்கிறார். "நீ என்ன செய்வேன்னு சொல்றதுக்கு முன்னாடி அவங்களுக்கு என்ன வேணும்னு கேட்டுட்டு வா, கண்ணு. எழுதிக்கோ. எழுதாம கேட்டா மறந்துடுவே" என்றார்.

ஒரு ரஃப் நோட்டோடு போனாள். சாப்பாட்டு நேரத்தில் பெஞ்ச் பெஞ்சாக உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். அந்த நோட்டை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். கடைசி பெஞ்சுக்காரர்களுக்கு ஜன்னல் வெளிச்சம் பட்டு போர்டு தெரியவில்லை, ஃபேன் காற்றும் வரவில்லை. பி.டி. பீரியடில் பெண் பிள்ளைகள் கையில் பேட் வருவதே இல்லை. பேர் எழுதுவதற்கு முன் ஒரு தடவையாவது எச்சரிக்க வேண்டும் என்று நிறையப் பேர் சொல்லியிருந்தார்கள். மெட்ரோ ரயில் வேலைக்காகப் பீகாரிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் வகுப்பில் இருக்கிறான், நன்றாகத் தமிழ் பேசுவான். அவன் சொன்னது ஒரே ஒரு வரி: 'என்னை இந்தி பேசு பேசுன்னு சொல்லிட்டு சிரிக்கக் கூடாது.' ஒரே வகுப்பில் இருந்தும் இது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. ராத்திரி அதைப் படித்துக் காட்டும்போது அவள் குரல் மாறியது.

பிறகு அப்பாவும் அவளும் நானுமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். லீடரே செய்யக்கூடியது எது, மிஸ்ஸிடம் கேட்டுச் செய்ய வேண்டியது எது, யாராலும் இப்போதைக்கு முடியாதது எது? புது ஃபேன் ஹெச்.எம். கையில் இருக்கிறது. அதை அடித்துவிட்டாள். "ஹோம்வொர்க்கைக் குறைப்பேன்" என்று சைக்கிள் சின்னக்காரன் சொல்லிவிட்டானாம், நானும் சொல்லட்டுமா என்று கேட்டாள். உன்னால் முடியுமா என்றேன். பதில் பேசாமல் அடுத்த வரிக்குப் போனாள்.

இடையில் வகுப்பில் தேன் மிட்டாய் விநியோகம் ஆரம்பித்தது. எல்லாருக்கும் ரப்பர் வாங்கித் தரச் சொல்லி என்னிடம் வந்து நின்றாள். ஓட்டுக்காகப் பொருள் கொடுப்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம் என்று சொல்லி மறுத்துவிட்டேன். அவள் முகம் வாடியது, ஆனாலும் நான் இறங்கி வரவில்லை. மறுநாள் மிஸ்ஸே எல்லாருக்கும் பொதுவாகத் தடை போட்டார்.

பேச்சை மொட்டை மாடியில் பழகினாள். அப்பா எதிர்க்கோடியில் தண்ணீர் டேங்க் பக்கத்தில் நின்றுகொண்டு, கேட்கவில்லை என்றால் கையைத் தூக்குவார். கடைசியில் பேச்சு சுருங்கி இவ்வளவுதான் ஆனது: "பேர் எழுதுறதுக்கு முன்னாடி ஒரு தடவை சொல்வேன். என் ஃபிரண்டு பேசினாலும் எழுதுவேன். வாராவாரம் பெஞ்ச் மாத்தச் சொல்லி மிஸ்கிட்ட கேப்பேன். யாரையும் பேச வெச்சு சிரிக்க விடமாட்டேன்."

வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் யாரும் ஓட்டுக் கேட்கக் கூடாது. நிஜத் தேர்தலில் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் பிரசாரம் ஓய்வது போல. மேசையைச் சுற்றிச் சார்ட் அட்டையால் மறைப்பு, வாக்குப் பெட்டியாக ஒரு ஷூ டப்பா, மைசூரில் தயாராகும் அழியாத மைக்குப் பதிலாக இடது ஆள்காட்டி விரலில் ஸ்கெட்ச் பேனா கோடு. சீட்டில் மூன்று சின்னங்களையும் மிஸ்ஸே வரைந்திருந்தார். மறைப்புக்குள் ஒருவர்தான் போக வேண்டும் என்பதில் அவர் கறாராக இருந்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குப் பயந்து யாரும் டிக் அடிக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் தேர்தலில் பெரியவர்கள் செய்து கொடுக்க வேண்டிய முக்கியமான ஏற்பாடு இதுதான் என்று நினைக்கிறேன்.

எல்லார் முன்னாலும் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து, போர்டில் கோடு போட்டு எண்ணினார்கள். பென்சில் பாக்ஸுக்கு 17, தண்ணீர் பாட்டிலுக்கு 14, சைக்கிளுக்கு 10. இரண்டு சின்னத்தில் டிக் அடித்த ஒரு சீட்டு செல்லாமல் போனது.

வீட்டுக்கு வந்து அழுதாள். அழட்டும் என்று விட்டேன். பிறகு பேப்பரை எடுத்து, போடுகிறேன் என்று சொன்னவர்கள் பெயரை எழுத ஆரம்பித்தாள். "போடுறேன்னு சொன்னவங்க இதைவிட அதிகம் தாத்தா. யாரோ ஏமாத்திட்டாங்க." அப்பா பேப்பரை வாங்கி மடித்து வைத்தார். "யாருன்னு தேடக் கூடாது. அது அவங்க ரகசியம். தேட ஆரம்பிச்சா அடுத்த தடவை பயந்துக்கிட்டுதான் போடுவாங்க. பதினாலு பேர் உன் பேச்சைக் கேட்டிருக்காங்க, அதைப் பாரு." அவளுக்கு அது அன்றைக்கு ஏறவில்லை. கோபத்தோடுதான் தூங்கினாள்.

ரஃப் நோட்டை ஜெயித்த பெண்ணிடம் கொண்டுபோய்க் காட்டியது அவளாக எடுத்த முடிவு. இரண்டு பேருமாக மிஸ்ஸிடம் போனார்கள். இப்போது திங்கள்கிழமை தோறும் பெஞ்ச் மாறுகிறது. பேர் எழுதுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை உண்டு. அந்தப் பையனைச் சீண்டுவதை இவளே தடுக்கிறாளாம், அதற்கு லீடர் பதவி தேவைப்படவில்லை. பேட் விஷயம் மட்டும் இன்னும் பாக்கி. பி.டி. சார் லீவு முடிந்து வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து கேட்கப் போகிறார்கள்.