ஒரே மாறிலி, பல வினைகள்

சூரியனின் மையத்தில் இரண்டு புரோட்டான்கள் இணைந்து டியூட்டெரானாக (ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த அணுக்கரு) மாறும் வினையை எந்த ஆய்வகமும் நேரடியாக அளந்ததில்லை. வலிமை குறைந்த அணுக்கரு விசையால் நடக்கும் வினை என்பதால் அது நிகழும் வாய்ப்பு அவ்வளவு அற்பம். 1938-இல் பெத்தேயும் கிரிட்ச்ஃபீல்டும் போட்ட கணக்கு முதல் இன்றுவரை அதன் வேகத்தைக் கோட்பாடுதான் சொல்லி வருகிறது. என் பணியும் இப்படி அளக்க முடியாத வினைகளைச் சுற்றித்தான்.

பயனுறு புலக்கோட்பாடு (எடுத்துக்கொண்ட ஆற்றல் அளவில் தேவையானதை மட்டும் வைத்துக் கணக்கிடும் முறை) இதில் எங்களுக்குத் தரும் வசதி பெரியது. குறைந்த ஆற்றலில் புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க்குகளின் அமளி வெளியே தெரிவதில்லை. தெரியாத குறுந்தொலைவு விவரங்களை எல்லாம் சில மாறிலிகளுக்குள் அடைத்துவிடலாம். புரோட்டான் இணைவில் அப்படி எஞ்சும் முக்கிய மாறிலி ஒன்றே ஒன்று. நியூட்ரினோ என்ற மிக இலேசான, மின்னூட்டமற்ற துகள் மோதி டியூட்டெரான் உடையும் வினையிலும் அதே மாறிலி வருகிறது. கனடாவின் சட்பரி நியூட்ரினோ ஆய்வகம், நிலத்தடியில், டியூட்டெரான்கள் நிறைந்த சுமார் 1000 டன் கனநீரில் பார்த்தது இந்த உடைவைத்தான். (அங்கே அகப்பட்டவை போரான்-8 சிதைவில் பிறந்த நியூட்ரினோக்கள், புரோட்டான் இணைவில் பிறந்தவை அல்ல. புதியவர்கள் இதைக் குழப்பிக்கொள்வது வழக்கம்.) ஓரிடத்தில் மாறிலியைப் பிடித்தால் மற்ற இடத்தில் கணிக்கலாம்.

சொல்லும்போது எளிதாகத்தான் இருக்கிறது. மாணவர்கள் யாரோ ஒருவரின் அட்டவணையிலிருந்து அந்த எண்ணை எடுத்து, வேறொருவரின் அலைச்சார்போடு (அணுக்கருவின் நிலையை விவரிக்கும் கணிதச் சார்பு) சேர்த்துவிடுகிறார்கள். அந்த எண் இயற்கையில் கிடக்கும் பொருள் அல்ல. குறுந்தொலைவை எங்கே வெட்டினோம் என்பதைப் பொறுத்து மதிப்பு மாறும், குறிகூட மாறலாம். மாறாமல் நிற்க வேண்டியது வினையின் வேகம் மட்டுமே. அதனால் யார் எந்த மதிப்பைக் கொண்டுவந்தாலும், எந்த வெட்டு எல்லை, எந்த அணுக்கரு விசை என்றுதான் முதலில் கேட்கிறேன். எரிச்சலூட்டும் கேள்விதான், கேட்காமல் இருக்க முடியவில்லை.

மூன்று துகள் அணுக்கருக்களில் இந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். டிரிட்டியத்தின் (ஒரு புரோட்டானும் இரண்டு நியூட்ரான்களும் கொண்ட ஹைட்ரஜன்) ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறும் பீட்டா சிதைவையும், மூன்று நியூக்ளியான்களுக்கு (புரோட்டான், நியூட்ரான் இரண்டுக்கும் பொதுப்பெயர்) இடையிலான விசையின் ஒரு பகுதியையும் ஒரே மாறிலி கட்டிப்போடுகிறது. டிரிட்டியத்தின் அரை ஆயுளான 12.3 ஆண்டுகள் மிகத் துல்லியமாகத் தெரிந்த அளவு. ஆகவே அதிலிருந்து மாறிலியை எடுத்து விசைக்குள் வைப்பது எங்கள் துறையின் வழக்கமாயிற்று. இந்த இணைப்புச் சமன்பாட்டில் ‘கழித்தல் கால்’ (−1/4) என்ற ஒரு காரணி விடுபட்டிருந்தது கிட்டத்தட்டப் பத்து ஆண்டுகள் கழித்துத்தான் துறைக்குத் தெரிய வந்தது. அந்தப் பிழையின் மேல் பல கணக்குகள் எழுந்திருந்தன. வினைகளை இணைக்கும் கயிறு எத்தனை பயனுள்ளதோ, அத்தனை தூரம் பிழையையும் கடத்துகிறது.

எலெக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான மியூவானை டியூட்டெரான் பிடிக்கும் வினையில் என் எதிர்பார்ப்பு அதிகம், சந்தேகமும் உண்டு. மியூவானின் நிறை ஏறக்குறைய 106 மெகா எலெக்ட்ரான் வோல்ட்; அதில் பெரும்பங்கை நியூட்ரினோ கொண்டுபோனாலும், அதற்கு ஈடான உந்தம் அணுக்கருவுக்குக் கைமாறுகிறது. நியூக்ளியான்களுக்கு இடையே விசையைக் கடத்தும் பயான்களை விட்டுவிட்டு எழுதிய எளிய கோட்பாடு அந்த அளவில் தன் எல்லையைத் தொட்டுவிடும். பயான்களைச் சேர்த்த கோட்பாட்டில் அதே கணக்கை மறுபடி போட்டு, இரண்டும் எங்கே பிரிகின்றன என்று பார்த்த பிறகே அங்கிருந்து எடுத்த மாறிலியைச் சூரியனுக்குக் கொண்டுபோவேன்.