டிசம்பர் 11

இரவெல்லாம் பெய்த மழை விடிய விட்டிருந்தது. தேத்தண்ணியோடு வெள்ளவத்தை மொட்டை மாடிக்கு ஏறினேன். கிழக்கே, மேகத்துக்கு மேலே சின்ன முக்கோணமாகச் சிவனொளிபாதமலை! 2,243 மீட்டர் உயரம். வானம் கழுவிவிட்டது போலிருக்கும் இப்படியான காலையில்தான் கொழும்பிலிருந்து அது தெரியும். இன்று சர்வதேச மலைகள் நாள் என்பது கீழே வந்து போனைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. உடம்பு சிலிர்த்துவிட்டது.

யுனிசெப் தொடங்கியதும் இதே நாளில்தான், 1946இல். செஸ் ஆனந்த் பிறந்ததும் இன்றுதான். அமெரிக்காவில் நூடுல்ஸை வளைய அச்சில் வேகவைத்துச் சாப்பிடவும் இன்று ஒரு நாள் வைத்திருக்கிறார்களாம். சரி, எங்கள் வீட்டில் இடியப்பமும் சொதியும்.

ஆனால் எனக்கு இது முதலில் பாரதி பிறந்த நாள். 1882, எட்டயபுரம். முப்பத்தொன்பது வயதுக்குள் எவ்வளவு எழுதிவிட்டுப் போயிருக்கிறார்! அவர் பிறந்து சரியாகத் தொண்ணூறு வருடம் கழித்து, 1972இல், இதே நாளில் அப்பலோ 17 நிலவில் இறங்கியது. செர்னனும் ஷ்மிட்டும் அங்கே மூன்று நாள் தங்கினார்கள். பாரதி இருந்து அதைக் கேட்டிருந்தால் என்ன பாடியிருப்பார் என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.